பனிக்காட்டில் இரண்டாவது ஆள்

என் உயிரான அண்ணே,

நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. ஈப்போவில் நம் ஆட்கள் நடத்தும் வாசகசாலையில் இப்போது ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கியிருக்கிறார்கள். நிலம் அளக்கவும் ஈயம் தேடவும் காட்டுக்குள் போகிறவர்கள் அங்கே அதிகம் வருகிறார்கள். காட்டில் வழி தவறினால் உயிர் பிழைப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்களில் எதைப் படிக்கலாம் என்று கேட்கிறார்களாம். "உன் அண்ணன்கிட்ட நெறைய இருந்துச்சே, படிச்சுப் பாத்து எழுதிக் குடும்மா" என்றார்கள். எழுத உட்கார்ந்தால் கை உன்னிடமே வருகிறது. ஆகவே உனக்கே எழுதுகிறேன். அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

புத்தகங்கள் அடுக்கிய உன் தகரப்பெட்டியைத் திறக்க அம்மா விடவேயில்லை. நிலம் அளக்கும் கூட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணியாக நீ கோப்பெங் மலைக்காட்டுக்குள் போனாய், திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்தாலே, "இந்தப் பொஸ்தகந்தான் எம்புள்ளய காட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போச்சு. அடுப்புல போடு" என்பாள். ஆனால் அடுப்பில் போட அவளுக்கும் மனம் வராது. சாவி அவள் மடியிலேயே இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்து அண்ணன் வந்தார். உன்னோடு காட்டுக்குப் போய் உயிரோடு திரும்பினாரே, அளவுச் சங்கிலி பிடிக்கிறவர், அவர்தான். உன்னைப் புதைத்த செய்தியைச் சொல்லிவிட்டுப் போனவர், அதன்பிறகு நம் வாசலை மிதித்ததில்லை. வெளியிலேயே நின்றார்.

"தங்கச்சி, கிராணியாரு எனக்கு ஒரு கத சொல்லிக்கிட்டு வந்தாரு. முடிக்கல. அந்தப் பொஸ்தகம் ஒங்கிட்ட இருந்தா முடிவ மட்டும் படிச்சுச் சொல்றியா?"

அம்மா கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள். அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அன்றைக்குத்தான் முழுவதையும் கேட்டோம், அண்ணே.

ஆறு பெருகிப் பாதையை அடித்துக்கொண்டு போனதில் நீங்கள் இருவரும் கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோனீர்களாம். பாறையில் வழுக்கி உன் கால் ஒடிந்ததாம். அவர் உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தாராம்.

"நான் முடியலன்னு உக்காந்துருவேன். 'என்ன விட்டுட்டுப் போ மாரி'ம்பாரு. நான் போகமாட்டேன். அப்பத்தான் கத சொல்ல ஆரம்பிச்சாரு. பனி தேசத்துல கப்பல் ஒடஞ்சு ரெண்டு பேரு மாட்டிக்கிறாங்க. நல்ல எடத்துல நிறுத்திடுவாரு. 'எந்திரிச்சு நட, மீதியச் சொல்றேன்'ம்பாரு. எனக்கோ என்ன ஆச்சுன்னு தெரியணும். எந்திரிச்சிருவேன்லா."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"கடைசியா ஒரு ஆத்தோரம் வந்தோம். காய்ச்சல்ல ஒடம்பு கொதிக்குது. 'இந்த ஆத்த விட்டுடாத, ஆள் இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும்'னாரு. கதையில அந்த ரெண்டு பேரும் தூரத்துல ஒரு சத்தம் கேட்டு நிக்கிறாங்க. என்ன சத்தம்னு கேட்டேன். தல என் தோள்ல சாஞ்சிருச்சு."

அந்த ஆற்றோடு இறங்கித்தான் அவர் ஈயச் சுரங்கத்துச் சீனர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

இத்தனை நாளும் ஒன்றும் கேட்காத அம்மா கேட்டாள். "அவனுக்குக் கடைசியில தாகமா இருந்துச்சாப்பா?"

"இல்லம்மா. இலையில தண்ணி புடிச்சு என் கையால குடுத்தேன். குடிச்சாரு."

அம்மா மடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

மறு வாரம் மாரிமுத்து அண்ணன் மறுபடியும் காட்டு வேலைக்குப் போவதாக இருந்தது. வேறு வேலை கிடைக்கவில்லை. முடிவு தெரியாமல் போக மனம் வரவில்லை என்றார். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் புத்தகங்களோடு உட்கார்ந்தேன்.

வேட்டைக்காரத் துரை எழுதிய தடிப்புத்தகத்தை யாருக்கும் சொல்லமாட்டேன். எதற்கெடுத்தாலும் துப்பாக்கியை எடு என்கிறான். நம் ஆளிடம் துப்பாக்கி ஏது? தின்னத்தக்க காய் கிழங்குகளைப் படம் போட்டுக் காட்டும் புத்தகம் அழகாக இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஒரு செடியாவது நம் காட்டில் முளைக்குமா? அதை நம்பிக் கண்டதைப் பறித்துத் தின்றால் உயிர்தான் போகும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பயந்து ஓடாதே, முதலில் உட்கார்ந்து யோசி என்று சொல்கிற சின்னப் புத்தகம் மட்டும் நல்லது. அதன் ஓரங்களில் உன் பென்சில் கோடுகள். அவற்றை விரலால் தடவிக்கொண்டே படித்தேன்.

பெட்டியின் அடியில் பனி தேசத்துக் கதை கிடைத்தது. கப்பல் உடைகிறது. பனிப்புயல் வருகிறது. தூரத்தில் சத்தமும் கேட்கிறது. எல்லாம் இருக்கிறது, அண்ணே. ஆனால் அதில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தனியாகவே நடக்கிறான். எதையாவது விட்டுவிட்டேனோ என்று திரும்பவும் படித்தேன். இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தச் சத்தம், தேடி வந்த கப்பலின் சங்கு என்று படித்துச் சொன்னேன். மாரிமுத்து அண்ணன் முகம் மலர்ந்துபோனது.

"அப்ப ரெண்டு பேரும் பொழச்சுட்டாங்களா?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "பொஸ்தகத்துல ஒரு ஆளுதாண்ணே இருக்கான்."

"அப்ப அந்த இன்னொரு ஆளு?"

"அத அண்ணன் ஒங்களுக்காகச் சேத்திருக்கு."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழுததை நீ பார்த்திருந்தால் தாங்கமாட்டாய். அம்மா எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தாள். துண்டை எடுக்காமலே கேட்டார். "அவன் என்ன ஆனான்னு நீயாச்சும் சொல்லு தங்கச்சி."

"பொழச்சு வந்துட்டாண்ணே," என்றேன். "எங்க வீட்டுல உக்காந்திருக்கான்."

அவர் காட்டுக்குப் போய்விட்டார். இம்முறை தனியாகப் போகவிடாமல் இன்னொருவரையும் சேர்த்து அனுப்பச் சொல்லி அம்மா ஆள் சேர்க்கும் கங்காணியிடம் போய் நின்றாள் என்றால் நம்புவாயா? எந்தக் கங்காணி முன்னும் வாய் திறக்காதவள், ஆள் கிடைக்கும்வரை நகரவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பனி தேசத்துக் கதையைத் தமிழில் எழுதி வாசகசாலைக்குக் கொடுப்பேன். நீ சொன்னபடியே, இரண்டு ஆட்களோடு எழுதுவேன். நீ எப்படிச் சொன்னாய் என்பதை மாரிமுத்து அண்ணன் திரும்பி வந்ததும் கேட்டுக் கேட்டு எழுதுவேன். காட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் முதலில் அதைப் படிக்கட்டும்.

ஒரே வயிற்றில் உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
தங்கம்மா