ஒலிபெருக்கியில் நம் பேச்சு

அன்பு மகன் யோங்லினுக்கு, மழைக்குப் பிறகும் வீடும் நாங்களும் நிற்கிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடு. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, கீழ்த் தோட்டத்து மிளகுச் செடிகளை ஓடை கொண்டுபோனதால் மனம்தான் சரியில்லை.

போன வருஷம் மலை சரிந்து தெற்குப் பள்ளத்தாக்குக்காரர்கள் இங்கே குடிவந்தார்களே, அவர்களில் சூயிங் என்பவள் அடுத்த வீட்டில் இருக்கிறாள். அவளும் சியாங் இனம், நாமும் சியாங் இனம், ஆனால் அவள் பேசினால் எனக்குப் பாதிதான் புரியும். ஒரே சொல்லைக் குரல் உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் இன்னொன்று. நமக்கு அது கிடையாது, மெய்யொலிகளை நெருக்கி அடுக்கிவிடுவோம். "அக்கா, பேசுறீங்களா, வாயில கூழாங்கல்ல உருட்டுறீங்களா" என்பாள். "நீ மட்டும் என்னடி, உப்பு கேக்கவே பாட்டுப் பாடுற" என்பேன். ஊர் ஒலிபெருக்கி சீன மொழியில் மட்டும் கத்துவது எங்கள் இருவருக்குமே உறுத்தியது. ஊர்ச் செயலாளர் தாவோவிடம் கேட்டால், "நீங்க பேசினா அவங்களுக்குப் புரியாது, அவங்க பேசினா உங்களுக்குப் புரியாது, சீனம்தான் எல்லாருக்கும் பொது" என்றார். "எங்க பெருசுங்களுக்கு அது வெறும் சத்தம், ரெண்டு பேச்சுலயும் சொல்லுங்க" என்றேன். சந்தையில், பாலத்தில், அவர் வீட்டு வாசலில் என்று பார்க்கும் இடமெல்லாம் கேட்டேன், அவர் என்னைக் கண்டாலே வேறு சந்தில் திரும்பிவிடுவார்.

போன வாரம் ஒரு நாள் மத்தியானம் ஓடை திடீரென்று சேறாய்ப் பெருகியது. பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கி சீனத்தில் அலறியது, எங்கே என்று சொல்லவில்லை. வயதானவர்கள் வாசலிலேயே நின்றார்கள். போன வருஷம் அவர்கள் ஊரில் பாலத்தருகே பேருந்து வந்து ஏற்றிக்கொண்ட ஞாபகத்தில் சூயிங்கின் மாமனார் பாலத்தை நோக்கி நடந்தார். நான் சூயிங்கை இழுத்துக்கொண்டு ஒலிபெருக்கி அறைக்கு ஓடி, தாவோ கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். நம் பேச்சில் ஒருவரைப் போகச் சொன்னால் அந்தச் சொல்லின் முன்னொலியிலேயே மேலேயா, கீழேயா, ஆற்றோடா என்று வந்துவிடுமே. மலையேறச் சொல்லும் சொல்லை ஒவ்வொரு ஒலியாக உடைத்துச் சொன்னேன், பிறகு சூயிங் அவள் பேச்சில் சொன்னாள், தொண்டை கட்டும்வரை மாறி மாறிச் சொன்னோம். பாதி வழியில் கிழவர் நின்றார், திரும்பினார், ஏறினார். கொஞ்ச நேரத்தில் பாலம் போய்விட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அன்று அறையைப் பூட்டி இரண்டு சாவிகளையும் நாங்களே எடுத்துவந்துவிட்டோம்.

மறுநாள் தாவோ வந்து, "அவசரத்துக்குச் செஞ்சீங்க, சரி. சாவியக் குடுங்கக்கா" என்றார். "அடுத்த மழை வராதுன்னு எழுதிக் குடுங்க, தரேன்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அறைச் சாவி ஒன்று என் இடுப்பிலும் ஒன்று சூயிங்கிடமும் இருக்கிறது.

எங்களை நகரத்துக்கு வந்துவிடச் சொல்லிப் போனில் அழுதாயாமே, அப்பா சொன்னார். டிக்கெட் எடுக்காதே. மழைக்காலம் முடியும்வரை எனக்கு இங்கே வேலை இருக்கிறது, முடிந்த பிறகும் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையை ஈரத்தில் விடாதே. கூரைமேல் நாம் சாமியாக வைத்திருக்கும் வெள்ளைக்கல் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

இடத்தைவிட்டு நகராத உன் அம்மா,
யூ ஜின்சியு