மன்னிப்புக் கடிதத்தில் நான் சேர்த்த வரி

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் முழுவதும் படி.

போராட்டத்துக்குப் போனதற்காக உன்னை இடைநீக்கம் செய்த பல்கலைக்கழகம், மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னதல்லவா? நீ மாட்டேன் என்று தோழி வீட்டுக்குப் போன பிறகு அப்பா என்னிடம் வந்தார். "அவ கையெழுத்து உனக்கு அப்படியே வருமே, எழுதிக் குடும்மா கண்ணு. படிப்பு போயிடக் கூடாது" என்றார்.

எழுதினேன். வெறும் மன்னிப்பு உருக்கமாக இல்லை என்று பட்டது. கட்டுரையில் சேர்ப்பதுபோல, "பல்கலைக்கழக வாயிற்கதவின் பூட்டை உடைத்தது என் தவறு" என்று ஒரு வரி சேர்த்தேன். போராட்டத்தன்று அதை யார் உடைத்தார்கள் என்றே எனக்குத் தெரியாது, அக்கா. அப்பா "பிரமாதம்" என்று சொல்லி, உன் கடிதமென்று பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்று உனக்குச் சம்மன் வந்திருக்கிறது. பல்கலைக்கழகம் அந்தக் கடிதத்தை அரசு வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டது. அவர் அதை ஒப்புதல் வாக்குமூலம் என்கிறார்.

"நீ வாயத் திறந்தா அப்பாவையும் உள்ள தள்ளிடுவாங்கடி" என்று அம்மா அழுகிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே போலீஸோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை விசாரணையில், எங்களைக் காப்பாற்ற அது உன் கடிதம்தான் என்று சொல்லிவிடாதே. நீ சொல்லக்கூடியவள். அதனால்தான் நடந்ததையெல்லாம் என் சொந்தக் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். இதை உன் வக்கீலிடம் கொடுத்துவிடு.

பயத்தோடு,
உன் தங்கை