நான் சுரண்டிய பல்

சிரிக்கும்போது வாயை மறைக்கத் தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வாழவந்த அண்ணிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. உங்கள் மகள் ஜெசி மூன்றாவது படிக்கிறாள். போன வாரம் பள்ளிக்கூடக் குழாயடியில் வழுக்கி விழுந்து, முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. பயப்படாதீங்க, பல் திரும்ப அவள் வாயில்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் பல்லைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போது உங்களுக்குக் கல்யாணமாகி நாலே மாதம். நாம் வேலை பார்த்த மண்பொம்மைக் கம்பெனியில், கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்கள் அடுக்கிய பலகையை ஆளுக்கொரு முனையில் தூக்கிப் போனோம். வாசலில் யாரோ கூப்பிட நான் திரும்பினேன். என் முனை சரிந்தது, உங்கள் முனை எகிறி வாயில் அடித்தது. அதற்கு ஒருநாளும் நீங்கள் என்னைக் குறை சொன்னதில்லை.

பல் மண்தூளில் கிடந்தது. "ரோஸு, அப்படியே எடுத்துக்கிட்டு டாக்டராண்ட போயிடலாம் வா" என்றீர்கள். எனக்குத்தான் கெட்டிக்காரத்தனம் பொங்கியது. "இருங்கண்ணி, இவ்ளோ அழுக்கோட போனா டாக்டரு என்ன நெனப்பாரு?"

சுடாத பொம்மைகளில் பிசிர் சுரண்டுவது என் வேலை. பல்லின் வேரில் ஜவ்வு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பிசிர் சுரண்டுகிற அதே கத்தியால் அதைச் சுரண்டினேன், பஞ்சால் துடைத்தேன். ஈரத்தோடு எதையும் சூளையில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் வேலையில் பாலபாடம், அதனால் சூளை மேல் காயவும் வைத்தேன். முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு மத்தியானம் வரை காத்திருந்தீர்கள்.

டாக்டர் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாராச்சும் சுரண்டினீங்களா?"

"இல்ல சார், விழுந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சி" என்றேன். நீங்கள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தீர்கள். அது உங்கள் காதில் விழுந்ததா அண்ணி?

பல்லை வைத்துக் கம்பி கட்டிய பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். வேர் மேல் இருக்கும் அந்தத் தோலுக்கு உயிர் இருக்கிறதாம். உடனே திரும்பச் சொருகியிருக்க வேண்டும், இல்லை பாலிலாவது போட்டிருக்க வேண்டும். அது செத்துப்போனால் எலும்பு பல்லை இறுகப் பிடித்துக்கொண்டு, வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம். "கொஞ்ச வருஷம் நிக்கும். அப்புறம் சொல்ல முடியாது" என்றார்.

நான் உள்ளே வந்து, "நிக்கும்னு சொல்றாரு அண்ணி" என்றேன். மீதியை முழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னைப் பெருமைப்படுத்தியே கொன்றீர்கள். "எங்க நாத்தனா சுத்தமா தொடச்சி எடுத்தாந்தா, அதான் ஒட்டிக்கிச்சி" என்று பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவீர்கள். மூன்றாம் வருஷம் டாக்டர் அந்தப் பல்லைத் தட்டியபோது, சுட்ட பொம்மையைத் தட்டினாற்போல் கணீரென்று கேட்டது. கெட்டிப்பட்டுவிட்டது என்று உங்களுக்கு ஒரே சந்தோஷம். எலும்பு இறுகப் பிடித்துவிட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

ஆறாம் வருஷம் அது ஈறோடு உடைந்தது. கரும்புகூட இல்லை, இட்லி. "ஆறு வருஷம் ஒழைச்சிச்சே, போதும். நீ இல்லாட்டி அதுவும் இல்ல" என்றீர்கள். கட்டுப்பல் வேண்டாம் என்றுவிட்டீர்கள். அன்றிலிருந்து சிரிக்கும்போது உங்கள் கை வாய்க்குப் போனது. ஒவ்வொரு தடவையும் நான் பார்த்தேன். காமாலையில் நீங்கள் படுத்திருந்தபோது சொல்ல எத்தனையோ பொழுது இருந்தது. வெட்கங்கெட்டவள், சொல்லவில்லை.

ஜெசியைக் கூட்டிவரப் போன நான்தான் அவள் பல்லை எடுத்தேன். வேரைத் தொடாமல், மேல்பக்கமாகப் பிடித்து, டீக்கடைப் பாலில் போட்டு ஓடினேன். அதே டாக்டர், தலை நரைத்துவிட்டது. உடனே வைத்துவிட்டார். "இவ்ளோ வெவரமா எடுத்தாந்திருக்கீங்களே, யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். உங்கள் வாயைக் கெடுத்து நான் கற்றுக்கொண்டதை அவர் பாராட்டுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசி அவள் அப்பாவிடம் சொல்கிறாள்: "அத்ததான் என் பல்ல காப்பாத்துனாங்க. அம்மா பல்லயும் அவங்கதான் காப்பாத்துனாங்களாம், அம்மா சொல்லியிருக்குது."

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவளைக் கல்லறைக்குக் கூட்டி வருகிறேன். அந்தக் கத்தியையும், டாக்டரிடம் சொன்ன பொய்யையும் உங்கள் முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுகிறேன். அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும், அவள் பல்லைக் காட்டத் தவணை தவறாமல் கூட்டிப் போவேன். இது சத்தியம்.

உங்கள் பல்லைக் காப்பாற்றாத நாத்தனார்,
ரோஸ்