வீடியோவில் உன் கை மட்டும்

சதுரங்கப்பட்டினம்,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் ஹரிப்ரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான். நீயும் மாப்பிள்ளை பன்னீர்செல்வமும் சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்தக் கேள்விக்கு இத்தனை மாதமாக "ம், நல்லாருக்கேன்மா" என்று ஒரே மெசேஜைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாய், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. போன் பண்ணினால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அந்தமானில் அந்த ஹட்பே மூலையில் டவர் கிடைக்காதுதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அப்பா கூப்பிட்டால் மட்டும் எப்படியடி கிடைக்கிறது? சரி விடு, சண்டை போட எழுதவில்லை. கடிதமென்றால் பாதியில் கட் பண்ண முடியாது, அதற்காகத்தான் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி, அது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

இங்கே நான்கு நாளாக மழை, கோட்டைப் பக்கம் கடல் சீறிக்கொண்டிருக்கிறது, படகு ஒன்றும் போகவில்லை, மீனும் இல்லை. அப்பா நெம்மேலியில் பம்ப் ஆபரேட்டர் வேலை முடிந்து வீட்டோடு இருக்கிறார், சர்க்கரை நூற்று எண்பது, சொன்னால் கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் பல் கூடத் தேய்க்காமல் உன் சேனலைத் திறந்துவிடுவார். நீ புதுசாக ஒன்றும் போடாவிட்டாலும் பழையதையே ஓட்டுவார். தாழை ஓலையில் பக்கத்து வீட்டுப் பெண் உனக்குப் பாய் முடையக் கற்றுக்கொடுத்ததை மட்டும் நாற்பது தடவையாவது பார்த்திருப்பார். குக்கரில் மணல் போட்டு ரொட்டி சுட்டது, கொட்டாங்கச்சியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிப் பறவை வரைந்தது, கப்பல் வராத வாரத்தில் காய் இல்லாமல் பப்பாளிக்காயை வைத்தே மூன்று வேளைக்குச் சமைத்தது, கொக்கி ஊசியில் பின்னிய அந்த நீலச் சால்வை, எல்லாவற்றுக்கும் கீழே "சூப்பர் பாப்பா" என்று எழுதுகிறார், நீயும் ஒரு இதயத்தைப் போட்டுவிடுகிறாய், அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். நான் ஒரு தடவை கூட எழுதியதில்லை. எழுதினால் நீ இதயம் போடாமல் விட்டுவிடுவாயோ என்று பயம், வேறொன்றுமில்லை.

போன மாதம் யாரோ ஒரு பெண் அதில் "தீவுல ஜாலியா இருக்கீங்க, எவ்ளோ ஃப்ரீ டைம், குடுத்து வச்சவங்க" என்று எழுதியிருந்தாள். எனக்கு வந்ததே ஆத்திரம், போனைத் தூக்கி எறியப் போனேன். என்னடி தெரியும் அவளுக்கு. ஐ.டி. ஆபீசில் வேலை பார்த்த வரைக்கும் ஒரு பட்டன் தைக்கச் சொன்னால் என் கையில் சட்டையைத் திணித்துவிட்டு ஓடுகிற பெண் நீ. இந்தக் கைவேலையெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்கும் உனக்கும் தெரியும். இங்கே படுத்திருந்த அந்த நாற்பது நாளில், வளைகாப்புக்கென்று தைத்த ஆரி ஒர்க் ப்ளவுஸை மடியில் போட்டுக்கொண்டு, ஊசி முனையால் ஒவ்வொரு மணியாக எடுத்து எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாய். நான் சாப்பாட்டுத் தட்டோடு நிற்பேன், நீ நிமிர மாட்டாய். மணி தீர்ந்ததும் நூலைப் பிரித்தாய். நூலும் தீர்ந்ததும் ஹட்பேக்கு டிக்கெட் போடச் சொன்னாய். இப்போது நீ ஒன்று முடிந்ததும் மூச்சு விடாமல் அடுத்ததை எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ப்ளவுஸ்தான் கண்ணில் நிற்கிறது. வீடியோவில் முகம் காட்டுவதில்லை, பேசுவதும் இல்லை, உன் கை மட்டும்தான் வருகிறது. அந்தக் கையில் ஒரு வளையல் கூட இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளைக்கு முன்னால் போட்டாயே, கொட்டாங்கச்சியில் விளக்கு செய்கிற வீடியோ, அதில் நூலுருண்டைக் கூடைக்குப் பின்னால் அலமாரி தெரிகிறது. நீ கவனிக்கவில்லை. அங்கே ஒரு அட்டையின் மூலை நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை அட்டை. வேறு யாருக்கும் தெரியாது, ஆனால் இருபத்தாறு வருஷமாக அங்கன்வாடியில் அந்தத் தாய் சேய் அட்டையை எழுதி எழுதிக் கை தேய்ந்தவளுக்குத் தெரியாதா. நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு உன் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் வீங்கியிருக்கிறது, மோதிரத்தைக் கழற்றியிருக்கிறாய், அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. ஆறு முடிந்து ஏழு நடக்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவிடம் கூடச் சொல்லியிருக்க மாட்டாய், அவர் மறைக்கத் தெரியாத மனுஷன். ஊரில் எவள் எத்தனையாவது மாதம் என்று ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருக்கிறேன், என் மகளுக்கு மாதம் நடப்பதை நான் யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உன்மேல் குற்றமில்லை. நானாக இருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றைக்கு நடந்ததை நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் வாய் திறந்து பேசியதில்லை. இன்றைக்கு நான் பேசிவிடுகிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று ஏழாம் மாதமே உன்னை பிளேன் ஏற வைத்தது நான். ஒன்பதாம் மாதம் மண்டபம் பிடித்து நூற்றைம்பது பேரைக் கூப்பிட்டதும் நான். காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது நீ சொன்னாய், "அம்மா, நேத்துலருந்து ஒன்னும் அசையவே இல்ல, போயி பாத்துகினு வந்துடலாமா" என்று. அதையே வேறு வீட்டுப் பெண் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அசைவு குறைந்தால் ஒரு நிமிஷம் காத்திருக்காதே, ஓடு என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உன்னிடம் நான் என்ன சொன்னேன்? உன் மாமியார் மதுராந்தகத்தில் பஸ் ஏறிவிட்டார், நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது, வளையல் போட்டதும் போகலாம் என்றேன். ஜில்லென்று பாலில் சர்க்கரை போட்டுக் கொடுத்து இடது பக்கமாகப் படுக்க வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து வந்து "இப்ப?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு "லேசா தெரிஞ்ச மாதிரி கீதும்மா" என்றாய். எனக்காகச் சொன்னாய் ப்ரியா. அப்போதே எனக்குத் தெரியும், தெரிந்தும் உன் தலையில் பூவை வைத்தேன்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து, போட்டோக்காரன் வயிற்றின்மேல் கையை வைக்கச் சொல்லி விதவிதமாக எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி நான்கு. குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்றார்கள். எப்போதிலிருந்து அசைவு இல்லை என்று டாக்டரம்மா கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். நீதான் சொன்னாய், "மத்தியானத்திலருந்து" என்று. அந்த நிலைமையிலும் என்னைக் காப்பாற்றினாய். கொடி சுற்றிக்கொண்டது, யார் என்ன செய்ய முடியும் என்று உன் மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன், அவர் தேற்றத் தேற்ற நானும் தேறுகிற மாதிரி நடித்தேன். நீ ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம். பாவி, உன்னாலதான் என்று நாலு பேர் முன்னால் கத்தியிருக்கலாம். நீ ஒன்றுமே சொல்லாமல் மணியைப் பிரித்துக்கொண்டிருந்தாய், அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

போன வாரம் திருக்கழுக்குன்றத்தில் சமுதாய வளைகாப்பு. என் சென்டரிலிருந்து மூன்று பேர், அதில் ஜெனிஃபர் என்று ஒரு பெண், எட்டாம் மாதம். மாலை போட்டு, சந்தனம் வைத்து, வரிசையில் அவள் முறை வந்ததும் கையைப் பிடித்து வளையல் ஏற்றுகிறேன், மெதுவாகச் சொல்கிறாள், "டீச்சர், காலைலருந்து புள்ள சும்மாவே கீது" என்று. தட்டோடு வளையல் கீழே விழுந்து நொறுங்கியது. மேடையில் பெரிய ஆபீசர் பேசிக்கொண்டிருக்கிறார், நான் அவளை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன், என் ஹெல்பர் கல்யாணி "இன்னாக்கா, இன்னா ஆச்சி" என்று பின்னாலேயே ஓடி வருகிறாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. தூங்கியிருக்கிறது. துடிப்பு டக் டக் என்று அந்த ரூம் முழுக்கக் கேட்டது. ஜெனிஃபர் சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன், நர்ஸம்மா எனக்குத்தான் பிரஷர் பார்த்தாள். அந்தப் பெண்ணின் மாமியார் "நல்ல நாளும் அதுவுமா வளையல ஒடச்சிப்புட்டு, மனுசிய பேஜாரு பண்ணிகினு" என்று வைதாள், விழாவைக் கெடுத்ததற்கு சூப்பர்வைசர் மேடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். வையட்டும், கேட்கட்டும். யாரோ பெற்ற பெண்ணுக்கு நான் ஒரு நொடி யோசிக்காமல் ஓடினேனே ப்ரியா, உனக்கு ஏன் ஓடவில்லை?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலையிலேயே நீ சொன்னதை, நான் தடுத்ததை, நீ டாக்டரிடம் மாற்றிச் சொன்னதை. அவர் கத்துவார், கையில் இருப்பதை எடுத்து வீசுவார் என்று நினைத்தேன். "பாப்பா உன்னாண்ட சொல்லிச்சா" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். ஆறு நாளாக என்னோடு பேச்சில்லை. டீயை அவரே போட்டுக்கொள்கிறார், நான் வைக்கிற சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஓட்டலில் இட்லி வாங்கிச் சாப்பிடுகிறார். உன் வீடியோவைப் பார்க்கிறார், ஆனால் என்னிடம் காட்டுவதில்லை. என்னோடு முப்பத்தோரு வருஷம் வாழ்ந்த மனுஷன், அவர் பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது. அங்கன்வாடிக்கும் லீவு போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்து "மிஸ்" என்று ஓடி வருவதை இப்போது தாங்க முடியவில்லை. இனிமேல் இது சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை, உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லாததால் எழுதுகிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு மூன்றுதான், அதைச் சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் இருபத்தாறு வருஷம் பார்த்த வேலைக்காகக் கேட்டுக்கொள். விரல் வீக்கத்தை வெயில், உப்பு என்று விட்டுவிடாதே, நாளைக்கே போய் பிரஷர் பார், சிறுநீரிலும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல். தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அன்றைக்கே போய்விடு. எட்டு பிறந்ததும் போர்ட் பிளேருக்குப் போய் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கு, மழைக்காலத்தில் கப்பலை நம்பி ஹட்பேயில் உட்கார்ந்திருக்க வேண்டாம், மாப்பிள்ளைக்குப் பவர் ஹவுஸில் லீவு கிடைக்காவிட்டால் சண்டை போட்டு வாங்கச் சொல். அவரிடம் அன்று நடந்ததைச் சொல்லிவிடு. என்னைக் காப்பாற்றுவதற்காக உன் புருஷனிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்துக்கொண்டு நீ பிள்ளை பெறக் கூடாது. அவர் என்னை என்ன நினைத்தாலும் அது சரிதான்.

இந்தத் தடவை இங்கே வராதே. இதை எழுத எனக்கு மூன்று தாள் வீணானது, ஆனாலும் எழுதிவிட்டேன். தாய் வீடு, முறை, செய்முறை என்று யார் பேசினாலும், உன் மாமியாரே கேட்டாலும், அம்மாதான் வேண்டாம் என்றாள் என்று சொல். வளைகாப்பு வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம். நானும் அங்கே வர மாட்டேன். நீயாகக் கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் அதைத் தப்பாக நினைக்க மாட்டேன். பிறந்ததும் அப்பாவுக்கு ஒரு வார்த்தை போட்டால் போதும். அவர் என்னிடம் சொல்வாரோ மாட்டாரோ, அவர் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன்.

நீ நல்லபடியாகப் பிழைத்து, பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்து, அந்தத் தீவில் உன் வீடு நிறைய சத்தமாக இருக்க வேண்டும். என் ஆயுசில் மிச்சம் இருப்பதெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் சேரட்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. உள்ளே அசைவு குறைந்த மாதிரி தோன்றினால் உடனே கிளம்பிவிடு. அது எந்த நேரமானாலும் சரி, வீட்டில் யார் வந்து உட்கார்ந்திருந்தாலும் சரி. சரியாகத்தான் தோன்றுகிறதா என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காதே. என் முகத்தைப் பார்க்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சியாமளா