குளியலறைக்கு ஆள் பிடித்த கதை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் அப்பா முக்கால்வாசி சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் முழுசாகவே சௌக்கியமாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி மறுப்புச் சொல்வார், அதனால்தான் கடிதம். போன மாதம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பதறாதே, எலும்புக்கும் ஒன்றுமில்லை, வீறாப்புக்கும் ஒன்றுமில்லை. "வழுக்கலடி, சும்மா உட்கார்ந்தேன்" என்று தரையில் கிடந்தபடியே சொன்னார். ஆனால் அன்றிலிருந்து சுவரைத் தடவித் தடவித்தான் உள்ளே போவார், பாதிக் குளியலில் வெளியே வந்துவிடுவார். நான் துணி மடிக்கிற சாக்கில் கதவருகே நிற்பேன், உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றால் எனக்கு உயிரே போய்விடும். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பாரோ மாட்டாரோ என்று தூக்கமே இல்லை. தரையை மாற்றியே ஆக வேண்டும் என்றேன். அவர் இரண்டு காலில் நிற்கவே தடுமாறுகிறார், நான் ஒற்றைக் காலில் நின்று சம்மதிக்க வைத்தேன்.

விழுந்ததைச் சொல்லாமல், தரை மாற்ற ஆள் தேடுகிறோம் என்று மட்டும் போனில் சொன்னேனே, அப்போது நீ சொன்னபடிதான் செய்தோம். "வாய்ப் பேச்சை நம்பாதீங்க, அவங்க வேலை செஞ்ச வீட்டுல போய் விசாரிங்க" என்றாய் அல்லவா? முதலில் வந்த டைல்ஸ்காரர் சிரித்த முகம். அப்பா எதைக் கேட்டாலும் "செஞ்சிடலாம் சார்" என்றார். கண்ணாடி மாதிரி பளபளக்கிற தரையா, செஞ்சிடலாம். ஒரே வாரத்திலா, செஞ்சிடலாம். வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லியிருந்தாலும் எந்த நாள் வசதி என்றுதான் கேட்டிருப்பார். அப்பா உருகிப்போய்விட்டார். அவர் வேலை செய்த வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டம்மா அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். "தங்கமான மனுஷன், கூப்பிட்டுக்கோங்க, நாளைக்கே கூப்பிட்டுக்கோங்க" என்றாள். அந்த அவசரம்தான் எனக்கு இடித்தது. கை கழுவ வேண்டும் என்று சொல்லிக் குளியலறைக்குள் போனால், பாதிச் சுவரில் டைல்ஸ், மீதிச் சுவரில் செங்கல், ஆணியில் அந்த மனுஷனின் சட்டை, மூலையில் அவருடைய சாப்பாட்டுப் பை! வேலையே முடியவில்லை. வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கக்கா, மாசக்கணக்கா பக்கத்து வீட்டுல குளிக்கிறோம். வேற வேலை கிடைச்சாலாவது இங்கேருந்து கிளம்புவாரேன்னு பாத்தேன்" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

அடுத்து வந்தவர் முசுடு, அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் அதுதான். ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார், அது வெளியேறும் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வருவதைப் பார்த்தார், உன் அப்பாவையும் ஏற இறங்கப் பார்த்தார், "பளபளப்பு கூடாது" என்றார், கேட்டதும் தான் வேலை செய்த ஒரு வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீ கூடக் குடிக்கவில்லை. அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். இருந்தாலும் இழுத்துக்கொண்டு போனேன். முசுடு பேச்சை எடுத்ததுமே அந்த வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அந்த ஆளா? வேணவே வேணாம் சார். நான் ஆசையா வாங்கின டைல்ஸை வழுக்கும்னு திருப்பி அனுப்பிட்டான். சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்து கதவைத் தட்டித் தூக்கத்தைக் கெடுப்பான். ஒரு ஓரத்துல தண்ணி தேங்குதுன்னு போட்ட தரையை அவனே பேத்துட்டான் சார், பைத்தியம்!" என்று அவர் திட்டத் திட்ட, எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பா "பாத்தியா?" என்று ஜெயித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். நான் அங்கே நின்றபடியே முசுடுக்குப் போன் போட்டு வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

வேலை நடந்த நாளெல்லாம் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அப்பா கேட்ட நிறம் கிடைக்கவில்லை, தரை சொரசொரவென்று இருக்கிறது. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி எதற்கு, எனக்கென்ன வயசாயிடுச்சா என்று முறுக்கிக்கொண்டார். "உங்களுக்கு இல்ல சார், துண்டு போட" என்று சொல்லி மாட்டிய முசுடு, அந்தக் கம்பியில் முழு உடம்பையும் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். துண்டுக் கம்பியில் எதற்கு ஆள் தொங்க வேண்டும் என்று அப்பா கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் முசுடு எப்படிப்பட்டவர் என்று போனில் விசாரித்தார். நான் பதில் சொல்வதற்குள் உன் அப்பா துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். "அவனையா? கூப்பிடவே கூப்பிடாதீங்க, என் வீட்டுல என் பேச்சுக்கே மரியாதை இல்ல!" என்று உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு அந்த ஈரத் தரையில் நின்று கத்தினார். குழாயை மூடக் குறுக்கே நடந்து போனார், திரும்பி வந்தார், திட்டு மட்டும் நிற்கவில்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையை வீசி வீசிப் பேசினார். சுவரைப் பிடிக்க அவருக்குக் கையே மிச்சமில்லை, அது அவருக்குத் தெரியவும் இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். நான் சிரிக்கிறேன் என்று நினைத்து அதற்கும் முறைத்தார்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும். உன் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாயே, வாளியை வைத்தே காலம் தள்ளாதே, சரிசெய். போனில் பேசும்போது நான் அழுத விஷயத்தை அப்பாவிடம் உளறிவிடாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா