ஜினோவின் அம்மா

மகனே ஜினோ,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஜெபமாலை மாதத்தில் "இறைவனின் தாயே" என்று ஜெபித்தபடி வீடு வீடாகக் கொண்டுவரும் மாதா சுரூபத்தைப் போன வாரம் நம் வாசலிலேயே மறித்தாய். "கடவுளுக்கு ஏது அம்மை? மரியாள் இயேசுவுக்க உடம்பைத்தானே பெத்தா" என்று இனயம் ஊரே கேட்கக் கத்திவிட்டு, உன் புதுச் சபைக்காரர்களோடு போய்விட்டாய்.

சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் கருங்கல் ஆஸ்பத்திரி நர்ஸ், "ஜினோக்க அம்மை வாங்க" என்றுதான் கூப்பிட்டாள். ஜினோவின் உடம்புக்கு அம்மா என்று கூப்பிடவில்லை.

உன் ஆன்மாவை நான் உண்டாக்கவில்லை, கடவுள் தந்தார். ஆனாலும் நான் பெற்றது முழுசாக உன்னைத்தான். மாதா பெற்றதும் கடவுளாகிய அந்தப் பிள்ளையைத்தான். இதுகூட விளங்காமல் அங்கே என்னத்தைப் படிக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை சாளை மீன் கறி வைப்பேன். உடம்புக்குப் பசித்தால் வா.

உன் உடம்பை மட்டும் பெற்றவள்