இன்னொருக்காச் சொல்லும்

இறுப்பிட்டியில் என்னோடு கதைக்காமல் இருக்கும் சிநேகிதிக்கு,

ஆவணப்படப் படிப்புக்காக மாசியில் உம்மைப் படமெடுத்தேன். காணாமல்போன உம்முடைய அண்ணையைப் பற்றிச் சொல்லி நீர் அழுதபோது என் மைக் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லும்" என்றேன். சொன்னீர், அழாமல். பிறகு என் போனை நீர் எடுக்கவேயில்லை.

பழைய ஆவணப்படங்களிலும் ஆட்களைத் திரும்பச் சொல்லவைத்து அதை மறைத்திருக்கிறார்கள். இப்போதுதான் படித்தேன். விரிவுரையாளரும் 'இன்னொருக்கா' என்ற என் குரலை வெட்டச் சொன்னார். "ஏலாது சேர்" என்றேன்.

நான் வெட்டியது உம்முடைய அழுகையை. படம் என் குரலில்தான் தொடங்குகிறது. அதைக் கேட்டு நீர் என்னைப் பார்த்த பார்வை முழுதாக இருக்கிறது. நல்ல படம், எனக்குத் தெரியும்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் கமரா இல்லாமல் வருகிறேன். படத்தைப் பாரும். வேண்டாமென்றால் ஒருவருக்கும் காட்டமாட்டேன்.

ஒருக்காச் சொன்னால் போதும்.

பள்ளிக்கூடத்தில் உம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்